தா: ஓரெழுத்தொருமொழியும் சொல்லுறவுச் சான்றும்

முன்னுரை

ஓரெழுத்தே தனித்து நின்று பொருள் தரும் சொற்களைத் தமிழ் இலக்கண மரபு ‘ஓரெழுத்தொருமொழி’ எனத் தனிப்பெயரிட்டு வழங்கியது. நெட்டெழுத்துகள் ஏழும் அவ்வாறு வரும் என்பது தொல்காப்பியக் கொள்கை. நன்னூலார் இச்சொற்களை எண்ணிப் பார்த்து, நெடில் நாற்பதும் நொ, து என்னும் குறில் இரண்டும் சேர்த்து 42 எனத் தொகை வகுத்தார். ஆ, ஈ, கோ, தா, தீ, நா, நீ, பூ, மா, வா என்றாற்போல வரும் இவற்றுட் பல இன்றும் நாள்தோறும் வழக்கில் உள்ளவை.

அளவிற் சிறிய இச்சொற்களே மொழியொப்பீட்டில் பெரிய முடிவுகளுக்கு அடிப்படையாக்கப்பட்டுள்ளன. தமிழ்ச் சொல் ஒன்றும் தொலைதூர மொழி ஒன்றின் சொல்லும் ஒலியிலும் பொருளிலும் ஒத்து நிற்கக் கண்டவுடன், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்றோ இரண்டும் ஒரே மூலத்தின என்றோ உரைப்பது தமிழாய்வில் நெடுநாளாகக் காணப்படும் போக்காகும். இப்போக்கு எங்கே தவறுகிறது, உண்மையான சொல்லுறவை எச்சான்றுகள் காட்டுகின்றன என்பவற்றைத் ‘தா’ என்னும் ஒரு சொல்லை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்கும் திருவனந்தபுரம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும்.

குறுஞ்சொல்லின் இடர்

சொல் சுருங்கச் சுருங்கத் தற்செயல் ஒப்புமைக்கு இடம் பெருகும். இதனைத் தமிழின் எழுத்தமைப்பைக் கொண்டே விளக்கலாம். தொல்காப்பியத்தின்படி சொல்லுக்கு முதலாகும் மெய்கள் 9, நெட்டுயிர்கள் 7. வரையறை ஏதுமின்றி எல்லா மெய்களும் எல்லா நெடில்களோடும் கூடும் எனக் கொண்டாலும், தனி உயிர்களையும் சேர்த்து 70 வடிவங்களுக்கு மேல் நெடில் ஓரெழுத்தொருமொழிகள் அமைய இயலாது. ஆனால் பொருள்களுக்கு இத்தகைய எல்லை இல்லை. ‘மா’ என்னும் ஒரு வடிவமே விலங்கு, குதிரை, மாமரம், பெருமை, கருமை, திருமகள், அரைத்த பொடி, இருபதில் ஒரு பங்கு எனப் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. இந்நிலையில், உலகின் ஏறத்தாழ 7000 மொழிகளுள் எதனை எடுத்துக்கொண்டாலும் அதன் ஓரசைச் சொற்களுட் சில தமிழ்ச் சொற்களோடு ஒலியும் பொருளும் ஒத்து நிற்பது வியப்பன்று. ஒன்றுமே ஒவ்வாது போவதுதான் வியப்பாகும்.

ஆய்வாளர் தமக்குத் தாமே அளித்துக்கொள்ளும் உரிமைகள் இவ்விடரை மேலும் பெருக்குகின்றன. தகரமும் டகரமும் ஒன்றெனக் கொள்வது முதல் உரிமை. ‘போதல்’, ‘வருதல்’ என்பவற்றை ‘இயங்குதல்’ என்னும் பொதுப்பொருளில் அடக்குவது இரண்டாம் உரிமை. இத்தாலிய மொழியில் ‘வா’ என ஒலிக்கும் வினைவடிவம் ‘போகிறான்’ என்றும் ‘போ’ என்றும் பொருள்படும். தமிழின் ‘வா’வுக்கு அது நேர்மாறானது. இயக்கப் பொருள் பொதுவென்று கூறி இவற்றையும் உறவாக்க முனைவோர்க்கு எச்சொல்லும் எச்சொல்லோடும் உறவாகிவிடும்.

பொருளும் ஒலியும் முழுமையாக ஒத்திருந்தும் உறவில்லாத சொற்களும் உள. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் வழங்கிய ம்பபரம் என்னும் மொழியில் நாயைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தைப் போன்றே ‘டாக்’ என ஒலித்தது. அம்மொழியை ஆராய்ந்த ஆர். எம். டபிள்யூ. டிக்சன், அது ஆங்கிலத்திலிருந்து கடனாகப் பெற்ற சொல் அன்று என்றும், அண்டை மொழிகளில் ‘குடக’ என்பதுபோல் ஒலிக்கும் பழஞ்சொல்லே அம்மொழிக்குரிய ஒழுங்கான ஒலிமாற்றங்களால் முதலசை இழந்து அவ்வடிவம் பெற்றது என்றும் விளக்கினார். முழு ஒப்புமையும் உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இஃது ஒரு தெளிவான எடுத்துக்காட்டு.

மழலை வழிப்பட்ட சொற்கள்

குறுஞ்சொற்களுள் பெரிதும் ஒப்பிடப்படுவன தாய்தந்தையரைக் குறிப்பன. கொரிய மொழியில் தாயை ‘ஒம்மா’ என்பதுபோன்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் அழைப்பர். எபிரேய, அரமேய மொழிகளிலும் தந்தை ‘அப்பா’வை ஒத்த சொல்லாற் குறிக்கப்படுகிறார். இவற்றைக் கொண்டு தமிழின் பரவலை நிறுவ முனைந்தோர் பலர்.

இவ்வொப்புமைக்குரிய காரணத்தை மொழியியலறிஞர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார். மானிடவியலறிஞர் ஜி. பி. மர்டாக் உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1072 தாய்தந்தைப் பெயர்கள் அவருக்குத் தரவாயின. இதழ்களை மூடித் திறப்பதாற் பிறக்கும் பகர மகரங்களும் வாயை அகலத் திறப்பதாற் பிறக்கும் அகரமும் குழந்தையின் நாவுக்கு முதலில் எளியவை. பால் பருகும்போது வாய் மூடியிருக்க, மூக்கின் வழியே எழும் முனகல் மெல்லெழுத்தாகிறது. அது நாளடைவில் உணவையும் உணவூட்டும் தாயையும் சுட்டுவதாகிறது. எனவே இத்தகைய சொற்கள் மொழிகள்தோறும் புதிது புதிதாகத் தோன்றக்கூடியவை.

இவற்றுள் எவ்வொலி தாய்க்கு, எவ்வொலி தந்தைக்கு என்பதும் மாறாத விதி அன்று. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்பது தந்தையையும் ‘தேதா’ என்பது தாயையும் குறிக்கும். இதற்குச் சான்று தேடி அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதும் இல்லை. திராவிட மொழியாகிய துளுவில் ‘அப்பெ’ என்பது தாய். ‘அம்மெ’ என்பது தந்தை. ஒரே குடும்பத்தினுள்ளேயே இச்சொற்கள் இடம் மாறி நிற்கும்போது, குடும்பத்திற்கு வெளியே காணும் ஒப்புமையைக் கொண்டு இனவுறவு பேசுதல் பொருந்தாது. ஒப்பீட்டின் தொடக்கத்திலேயே மழலைச் சொற்களைப் பிரித்து வைத்தல் முறையாகும்.

பழவடிவம் நோக்குதல்

தற்செயல் ஒப்புமையையும் உண்மை உறவையும் பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. உண்மையில் உறவுடைய சொற்களின் வரலாற்றைப் பின்னோக்கிச் சென்றால் அவை ஒரு மூலத்தை நோக்கி நெருங்கும். தற்செயலாக ஒத்தவையோ பின்னோக்கிச் செல்லச் செல்ல விலகும்.

தமிழின் ‘எட்டு’, ஆங்கிலத்தின் ‘எயிட்’ என்னும் எண்ணுப்பெயர்களின் ஒப்புமை பலரைக் கவர்ந்துள்ளது. ஆங்கிலச் சொல்லின் உடன்பிறப்புகள் ஜெர்மானியத்தின் ‘ஆக்ட்’, லத்தீனின் ‘ஒக்தோ’, வடமொழியின் ‘அஷ்ட’ என்பன. மூலவடிவில் ககர தகரக் கூட்டு இருந்தது என்பது இவற்றால் விளங்கும். தமிழிலோ எண்பது, எண்ணூறு என்னும் தொகைச் சொற்கள் ‘எண்’ என்பதே அடி என்று காட்டுகின்றன. கன்னடத்தின் ‘எண்டு’ அதனை உறுதி செய்கிறது. ‘எட்டு’ என்பதில் உள்ள இரட்டை வல்லெழுத்து ணகர மெய்யோடு விகுதி சேர்ந்து விளைந்தது. ‘ஒக்தோ’வும் ‘எண்’ணும் அருகருகே வைக்கப்பட்டால் ஒப்புமை மறைகிறது.

‘நான்’ என்பதும் இத்தகையதே. ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதிய காலந்தொட்டு, கொரியத்தின் ‘நா’வும் தமிழின் ‘நான்’ என்பதும் இணைத்துப் பேசப்படுகின்றன. ஆயினும் தொல்காப்பியம் அறிந்த தன்மையொருமைப் பெயர் ‘யான்’ என்பதே. பழங்கன்னடத்தில் ‘ஆன்’, பழந்தெலுங்கில் ‘ஏனு’, மலையாளத்தில் ‘ஞான்’ என வருவனவற்றோடு சேர்த்து நோக்கினால், ‘நான்’ என்பதன் நகர முதல் பிற்காலத்தது என்பது புலனாகும். பிற்கால வடிவத்தைக் கொண்டு முற்கால உறவை நிறுவ இயலாது.

சுமேரிய நகரின் பெயராகிய ‘ஊர்’ மற்றொரு சான்று. அந்நகரின் சுமேரியப் பெயர் ‘உரிம்’ என மகர ஈறு பெற்றது. இன்று அறியப்படும் குறுகிய வடிவம் பிற மொழிகளின் வழியே வந்தது. தமிழோடு ஒத்து நிற்பது அக்குறுகிய வடிவமேயன்றிப் பழவடிவம் அன்று.

வழி அறியப்பட்ட சொல்

இங்ஙனம் கூறுவதனால் மொழிகளுக்கிடையே குறுஞ்சொற்கள் செல்வதே இல்லை என்பது கருத்தன்று. சென்ற வழி அறியப்படும்போது சொல்லின் பயணம் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படுகிறது. ‘காசு’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என ஒரே வடிவில் எழுதப்படும் சொற்கள் இரண்டு. கைப்பணத்தைக் குறிப்பது, பெட்டியைக் குறிக்கும் லத்தீனச் சொல்லிலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியே வந்தது. கீழை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிப்பதோ தமிழின் ‘காசு’ போர்த்துகீசியரின் நாவில் திரிந்து ஆங்கிலத்தில் புகுந்தது. 1886இல் வெளியான ஹாப்சன்–ஜாப்சன் அகராதி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியுள்ளது.

இரண்டாவது சொல் திருவனந்தபுரத்தின் பண வாழ்வோடு நேர்த்தொடர்புடையது. திருவிதாங்கூர் அரசின் நாணய முறையில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். அஃதாவது 448 காசு கொண்டது ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அரசின் ஆங்கிலக் கணக்குகளில் அந்நாணயம் ‘கேஷ்’ என்றே குறிக்கப்பட்டது. வணிகர், நாணயம், ஆவணம் என மூன்றும் இங்குச் சான்றாக உள்ளன. இவையின்றி ஒலியை மட்டும் கண்டு, கைப்பணத்தைக் குறிக்கும் மற்றொரு சொல்லும் தமிழே என்பார், தம்மிடம் உள்ள உண்மைச் சான்றின் மதிப்பையும் குறைத்துவிடுகின்றனர்.

தா: வடிவச் சான்று

மேற்கூறிய அளவுகோல்கள் அனைத்தையும் ஒருங்கே வேண்டி நிற்கும் சொல் ‘தா’. தமிழில் இது ‘அளி’ என்னும் பொருட்டு. வடமொழியில் ஒலிப்புடைய தகரத்தை முதலாக உடைய ‘தா’ என்னும் வினையடியும் கொடுத்தற் பொருளதே. லத்தீனில் ‘கொடு’ என்னும் ஏவலும் அவ்வாறே ஒலிக்கும். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி நிற்பதனால், தமிழ்ச் சொல் வடமொழியிலிருந்து வந்தது என ஒரு சாராரும், வடமொழிச் சொல்லே தமிழிலிருந்து சென்றது என மற்றொரு சாராரும் கூறுதல் எளிதாகிறது. இரு சாராரும் கைக்கொள்வது ஒரே சான்று. அஃதாவது காதிற் படும் ஒலி.

தமிழெழுத்து இம்மயக்கத்திற்குத் துணை செய்கிறது. தமிழில் ‘தானம்’ என்பதன் முதலெழுத்தும் ‘தருதல்’ என்பதன் முதலெழுத்தும் ஒன்றே. மலையாள எழுத்தில் அவ்வாறன்று. ‘தானம்’ ஒலிப்புடைத் தகரத்தால் எழுதப்படும். ‘தருக’ ஒலிப்பில்லாத் தகரத்தால் எழுதப்படும். கன்னடத்திலும் தானம் ஒலிப்புடையது; ‘தரு’ ஒலிப்பில்லாதது. தெலுங்கிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒலிப்புடைத் தகரத்தை எழுதவும் ஒலிக்கவும் வல்ல இம்மொழிகள் வடமொழி வினையடியைக் கடன் பெற்றிருப்பின், ‘தான’த்தில் காத்த ஒலியைத் ‘தரு’வில் இழந்திருக்கக் காரணம் இல்லை.

பழவடிவங்களை நோக்கினால் இரு சொற்களும் மேலும் விலகுகின்றன. இந்தோ–ஐரோப்பிய வினையடியின் உயிர் ஓகாரத்தின் பாற்பட்டது. கிரேக்கத்தின் ‘தோரோன்’, லத்தீனின் ‘தோனும்’ என்னும் கொடைப்பெயர்கள் இதனைக் காட்டும். அகர எகர ஒகரங்கள் வடமொழியில் ஒன்றாக இணைந்தமையால்தான் அங்கு ஆகாரம் தோன்றியது. அஃதாவது, தமிழ்ச் சொல்லோடு காணும் உயிரொப்புமை வடமொழியின் தனி வளர்ச்சியில் விளைந்தது. தமிழ்ச் சொல்லோ தா, தரு, தந்து என மூவடிவில் இயங்குவது. அதன் அடியில் ரகரம் உண்டு; வடமொழி அடியில் அஃது இல்லை.

இரு சொற்களுக்கும் அவரவர் மொழியில் இணைச்சொற்கள் உள்ளன. தமிழில் ‘தா’வுக்கு இணை ‘வா’. தா, தரு, தந்து என்பதும் வா, வரு, வந்து என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. தமிழ் வினைகளுள் இவ்வாறு இயல்பவை இவ்விரண்டே. வடமொழியில் கொடுத்தற் பொருளுடைய அடிக்கு இணை, வைத்தற் பொருளுடையதும் மூச்சொலியோடு கூடியதுமான மற்றொரு ‘தா’. இரண்டும் நிகழ்காலத்தில் முதலசை இரட்டித்து வருவன. அதே இணை கிரேக்கத்திலும் அதே இரட்டிப்போடு காணப்படுகிறது. ஒரு சொல்லின் குடியை அறிய அதன் முகத்தை மட்டும் காணாது அதன் சுற்றத்தையும் காணவேண்டும். தமிழ்த் ‘தா’வின் சுற்றம் வேறு, வடமொழித் ‘தா’வின் சுற்றம் வேறு.

தா: வழக்குச் சான்று

வடிவச் சான்றினும் வலியது வழக்குச் சான்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு வினைகளையும் ஒருங்கு வைத்து இடவரையறை செய்கிறது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை என்னும் ஈரிடத்திற்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. ‘எனக்குத் தந்தான்’, ‘நினக்குத் தந்தான்’ என்பன மரபு. ‘அவற்குக் கொடுத்தான்’ என்பதே மரபு. பெறுபவர் பேச்சுக் களத்தினுள் இருப்பின் தருதல். களத்திற்கு வெளியே இருப்பின் கொடுத்தல். வா, செல் என்பவற்றுக்கிடையே உள்ள திசை வேறுபாடே தா, கொடு என்பவற்றுக்கிடையேயும் உள்ளது என்பதைத் தொல்காப்பியர் நான்கையும் ஒன்றாக வைத்ததனாலேயே உணர்த்திவிடுகிறார்.

எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரப்போரின் நிலை பற்றி வரையறுக்கப்படுகின்றன. இழிந்தோன் ‘ஈ’ என்றும், ஒப்போன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கேட்பர். இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. உயர்ந்தோன் தனக்கே வேண்டிக் கேட்கும்போது படர்க்கைச் சொல்லாகிய ‘கொடு’ எவ்வாறு பொருந்தும்? தொல்காப்பியர் இவ்வினாவை எதிர்நோக்கி விடையும் தருகிறார். கொடு என்பது படர்க்கைக்கு உரியதே. ஆயினும் உயர்ந்தோன் தன்னையே பிறன்போலக் கருதிக் கூறும் குறிப்பினால் அது தன்னிடத்து வருகிறது என்பது அவ்விடை. இடவரையறை எவ்வளவு உறுதியாக இருந்தால் அதனின்று விலகும் ஒரு வழக்கிற்கு இலக்கண ஆசிரியர் இவ்வாறு அமைதி தேடுவார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வரையறை ஏட்டளவில் நின்றுபோனதன்று. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலும் பேருந்திலும் மலையாளம் பேசுவோர் எழுத்தறிவு வேறுபாடின்றி இதனைக் கடைப்பிடிக்கின்றனர். ‘எனிக்கு தா’, ‘நினக்கு தராம்’ என்பவர் ‘அவனு கொடு’ என்றே கூறுவர். படர்க்கையில் ‘தா’ என்பது அவர்கள் செவிக்குப் பிழையாகவே படும். தமிழிலோ இவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிட்டது. ‘மாணவர்க்குப் பரிசு தந்தார்’ என்று எழுதுவதும் ‘எனக்குக் கொடு’ என்று பேசுவதும் இயல்பாகிவிட்டன. தமிழ் மாணவர் நூற்பாவாக மனப்பாடம் செய்யும் விதியை மலையாளக் குழந்தை தாயிடம் கேட்டே கற்றுக்கொள்கிறது.

நீலகிரியின் தோடா, கோத்தா மொழிகளிலும் குடகு மொழியிலும் இவ்விட வேறுபாடு உண்டு. நீலகிரியில் 1930களில் கள ஆய்வு செய்த எம். பி. எமனோ, ‘வா’, ‘தா’ என்னும் இரு திராவிட வினைகளைக் குறித்து 1945இல் தனிக்கட்டுரையே எழுதினார். கன்னடத்தில் தருதல் என்பதற்குக் ‘கொண்டுவருதல்’ என்பதே சிறப்புப் பொருள்; தெலுங்கிலும் கோண்டி, குயி மொழிகளிலும் இனச்சொற்கள் ‘கொண்டுவா’ என்றே பொருள்படும். பழந்தமிழிலும் தருதலுக்கு அப்பொருள் உண்டு. இவற்றைத் தொகுத்து நோக்கினால், ‘இவ்விடம் நோக்கி வரச் செய்தல்’ என்பதே இச்சொல்லின் அடிக்கருத்து என்பது போதரும். கொடுத்தற் பொருள் அதிலிருந்து கிளைத்தது.

வடமொழி, லத்தீன், கிரேக்கச் சொற்களுக்கு இத்தகைய இடவரையறை இல்லை. அரசன் அந்தணர்க்கு அளிப்பதும் தந்தை மகனுக்கு அளிப்பதும் பிறர் எனக்கு அளிப்பதும் அவற்றில் ஒரே வினை. ஆகவே, வடிவத்தால் மட்டுமன்றிப் பொருளின் உள்ளமைப்பாலும் இரண்டும் வெவ்வேறு சொற்களாம்.

ஆய்வு மரபும் திருவனந்தபுரமும்

கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது ஒலி, உருபு, வினைமுடிபு ஆகியவற்றைக் கொண்டு திராவிடக் குடும்பத்தின் தனித்தன்மையை நிறுவினார். நூலின் வலிமை அங்கேயே உள்ளது. அதே நூலில் இந்தோ–ஐரோப்பிய, செமித்திய, சித்திய மொழிகளோடு சொல்லொப்புமை காட்டும் பட்டியல்களும் இடம்பெற்றன. உருபொப்பீட்டின் மேல் அமைந்த முடிவுகள் நிலைத்தன; சொற்பட்டியலின் மேல் அமைந்த முடிவுகள் நிலைக்கவில்லை. பின்வந்த தமிழாய்வாளர் பலர் எளிதாயிருந்த பட்டியலைப் பின்பற்றி, அரிதாயிருந்த முறையை விடுத்தனர்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் பதிப்பாசிரியராக விளங்கியவரும் 1950களின் முற்பகுதியில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவருமான எஸ். வையாபுரிப்பிள்ளை, சொல்லின் காலத்தையும் நூல்வழக்கையும் ஆராயும் நெறியை வற்புறுத்தினார். அவ்வகராதி தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு வடமொழி மூலம் காட்டியதில் மிகை உண்டு என்னும் குறை பின்னர் எழுந்தது. அக்குறையைக் கடுமையாக எடுத்துரைத்த ஞா. தேவநேயப் பாவாணர், சொற்களைத் தனித்து நோக்காது வேரும் கிளையுமாகத் தொகுத்துக் காணும் முறையையும் சிற்றூர்ப் பேச்சுவழக்கைச் சான்றாக்கும் முறையையும் வளர்த்தார். அவை தமிழாய்வுக்குக் கிடைத்த பேறுகள். ஆயினும் 1966இல் வெளியான ஆங்கில நூலில் உலக முதன்மொழி தமிழே என நிறுவ முனைந்தபோது, தம் எதிர்ச்சாரார் கையாண்ட ஒலியொப்புமையையே அவரும் பெரிதும் சார்ந்தார். கடனின் திசை மட்டுமே மாறியது. சான்றின் தன்மை மாறவில்லை. இருவர் நூல்களிலும் கொள்ளத்தக்கது முறை, தள்ளத்தக்கது முன்முடிவு.

முறையைச் சான்றோடு இணைக்கும் பணியில் திருவனந்தபுரத்திற்குத் தனியிடம் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் வழியே வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டார். ஒரு சொல் எவ்வுருபோடு, எவ்வடிவில், எத்தனை இடத்து வருகிறது என்பதை அடைவு காட்டும். அது கருத்துரைப்பதில்லை, கருத்துரைப்போரைக் கட்டுப்படுத்துகிறது. 1971இல் இந்நகரில் அவர் முன்னின்று தோற்றுவித்த திராவிட மொழியியற் கழகமும் 1972 முதல் வெளிவரும் அதன் ஆய்விதழும் தென்னக மொழிகளை ஒருங்கு வைத்து நோக்கும் களத்தை அமைத்தன. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) அக்களத்திற்குரிய அடிப்படைக் கருவி. இவ்வகராதி ஒவ்வொரு பதிவிலும் இனச்சொற்களை மொழிவாரியாக அடுக்குவதன் பயன், ஒரு சொல்லை அதன் சுற்றத்தோடு காணச் செய்வதே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: சொல் எத்துணைக் குறுகியதோ அத்துணை மிகுதியான சான்று அதற்கு வேண்டும். மழலைச் சொற்களை ஒப்பீட்டிலிருந்து முதற்கண் விலக்குதல் வேண்டும். ஒப்பிடப்படுவன இக்கால வடிவங்களாக இல்லாமல் மீட்டறியப்பட்ட பழவடிவங்களாக இருத்தல் வேண்டும். கடன் எனக் கூறின் சென்ற வழியைக் காட்டுதல் வேண்டும். இவற்றோடு, சொல்லின் இணைச்சொற்களும் அதன் வழக்கு வரையறையும் நோக்கப்படுதல் வேண்டும்.

‘தா’ என்பதை வடமொழிக் கடன் எனக் கொள்வோரும், வடமொழிக்குத் தமிழ் தந்த கொடை எனக் கொள்வோரும் ஒரே இழப்புக்கு ஆளாகின்றனர். இரு முடிவுகளிலும் தொல்காப்பியரின் இடவரையறை பொருளற்றதாகிவிடுகிறது. ஒப்புமை நாட்டத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து அவ்வரையறையைச் சான்றாகக் கொண்டால், வா, தா என்னும் இரட்டையும் அவற்றின் எதிரிணையாகிய செல், கொடு என்பனவும் திராவிட மொழிக்குரிய ஓர் இடநோக்கு அமைப்பாக விளங்கித் தோன்றும். தமிழின் தனித்தன்மையை நிறுவுதற்கு உலகெங்கும் ஒத்த ஒலி தேடுவதினும் இவ்வமைப்பை விளக்குவதே வலிய வழியாகும்.

தமிழில் மங்கி வரும் இவ்வேறுபாடு மலையாளத்தில் உயிரோடு இருக்கும் காலம் வரை, அதனைப் பேச்சிலிருந்தே தொகுக்கும் வாய்ப்பு உண்டு. 1956 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிகளின்கீழ் இருந்த நாஞ்சில்நாட்டின் தமிழிலும், திருவனந்தபுரம் நகரத் தமிழர் பேச்சிலும் தா, கொடு என்பன எவ்விடங்களில் எவ்வாறு வருகின்றன என்பதை வயது, தொழில், பேச்சுச் சூழல் வாரியாகத் தொகுத்தல் உடனடியாகச் செய்யத்தக்க பணி. இரு மொழிகளும் அன்றாடம் சந்திக்கும் எல்லையில் ஒரு பழைய விதி எங்கே நிற்கிறது, எங்கே நெகிழ்கிறது என்பதை அத்தொகுப்பு காட்டும். கிளவியாக்க நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் தந்த விளக்கங்களோடு வழக்கிலிருந்து பெறும் விளக்கமும் அதனால் சேரும்.